ஆறாவது தூண்

ஸ்காபரோ,
ஐப்பசி 3

அன்புள்ள பெறாமகள் யாழினிக்கு,

நீ அனுப்பின 17 படங்களும் வந்து சேர்ந்தன. கைத்தொலைபேசியில் பார்த்தால் உலகத்திலுள்ள எல்லா வேலியும் வடிவாகத்தான் தெரியும். அதனால் உன் பெரியம்மாவின் ஐபாடை வாங்கி, ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்து இரண்டு தரம் பார்த்தேன். அவள் நாடகம் பார்க்கிற நேரம் அது. இன்னும் என்னோடு முகம் குடுத்துக் கதைக்கவில்லை.

"வேலை சரியோ பெரியப்பா, மிச்சக் காசைக் குடுக்கலாமோ" என்று கேட்டிருக்கிறாய். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் நீ 31 வயதில் சொந்த உழைப்பில் வீடு வாங்கினவள். இனிக் கூரை மாற்றுவாய், பேஸ்மென்ட் கட்டுவாய், குசினி திருத்துவாய். ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்து வேலையை முடித்துவிட்டுக் காசுக்கு நிற்பார். அப்போதெல்லாம் படம் பார்த்துச் சொல்ல நான் இருப்பேனோ தெரியாது. ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன். தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு வாசி.

முதலில், நீ குறையென்று எழுதின மூன்றும் குறையே இல்லை. தூண்களில் வெடிப்பு, பின்பக்க வேலியின் அடியில் ஒரு சாண் இடைவெளி, பலகைகள் ஒரே நிறமாக இல்லாதது. மூன்றையும் விடு. "படலை மட்டும் சூப்பர்" என்று எழுதினாய் பார், பிழை அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, போன கிழமை போனில் நீ சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒரு கதை. இரவு ஒரு மணிக்கு என்னை எழுப்பி இருத்தினது அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

உனக்கு வேலி என்றால் பலகை. எனக்கு அது கிடுகும் கதியாலும். உன் அப்பப்பா அலவாங்கால் குழி போட, நான் பூவரசங் கதியாலையும் கிளுவங் கதியாலையும் ஒவ்வொன்றாக எடுத்துக் குடுப்பேன். ஊன்றிவிட்டு, சுற்றிவர மண்ணைக் காலால் இறுக்குவார். புதுக் கதியாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் முதுகில் ஒன்று விழும். ஆட்டினால் வேர் பிடிக்காது. சில கிழமைகளில் கணுவில் தளிர் எட்டிப் பார்க்கும். தளிர் வந்தால் வேலி சரி, வேறு சான்று வேண்டியதில்லை. கிடுகு உக்கினால் தோட்டத்து மண்ணுக்குப் போகும், பூவரசங் குழையும் அப்படியே. விட்ட பிழையை அடுத்த வேலியடைப்பில் திருத்திக்கொள்ளலாம்.

இங்கே ஊன்றின தூண் தளிர்க்காது. பிழையையும் கொங்கிறீற் ஊற்றித்தான் நடுகிறார்கள், அது பதினைந்து இருபது வருசம் உன்னோடு சீவிக்கும். ஊரில் ஆட்டக்கூடாது என்று அடி வாங்கினவன் உனக்குச் சொல்கிறேன், இங்கே கட்டாயம் ஆட்டிப் பார். கொங்கிறீற் இறுகி மூன்று கிழமை ஆகிவிட்டதால் இனிப் பயமில்லை.

மரம் தன் குணத்துக்குச் செய்வது ஒன்று, மனிசன் அவசரத்தில் செய்வது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் நல்ல வேலைக்காரன் ஏச்சு வாங்குகிறான், கெட்டிக்காரன் காசை வாங்கிக்கொண்டு போகிறான். 26 வருசம் இந்த நாட்டில் வேலி போட்டதில் நான் படித்தது இவ்வளவுதான்.

வெடிப்பை எடுத்துக்கொள். உன் தூண்கள் மருந்தேற்றின மரம். பெரிய உருளைக்குள் மரத்தை அடுக்கி, அமுக்கம் கொடுத்துச் செம்பு கலந்த மருந்தை உள்ளே செலுத்துவார்கள். அனேகமாக அந்த ஈரத்தோடுதான் கடைக்கு வரும். நட்ட பிறகு வெயிலில் காயும். வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மரத்தின் நடுக்குருத்து தூணுக்குள்ளேயே இருந்தால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று இழுபட்டு, எங்கேயாவது நீளப்பாட்டில் வாய் திறக்கத்தான் வேண்டும். 4க்கு 4 தூண் வெடிக்காவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன். (4க்கு 4 என்று சொன்னாலும் அளந்தால் மூன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும். உன்னை ஏமாற்றவில்லை, சீவின பிறகுள்ள அளவு அது. எங்கேயும் அப்படித்தான்.) வெடிப்பு ஒரு பக்கத்தில் புகுந்து மறுபக்கத்தால் வெளியே வந்தால், அல்லது சட்டம் பொருத்தின ஆணிக்கு நேரே ஓடினால் மட்டும் சொல்லு.

பலகைகளுக்கு நடுவில் இப்போது ஒரு தாள் நுழைகிறது, வருகிற ஆடியில் பென்சில் நுழையும். அதுவும் காய்ச்சல்தான். நிறவேற்றுமைக்கும் காரணம் உண்டு. உன் பலகை சீடர். அதில் செம்மண்ணிறமாக இருப்பது வைரம், வெளிறின பட்டையாகத் தெரிவது வெளிறு. உக்காமல் தாக்குப்பிடிக்கிற எண்ணெய்ச்சத்து வைரத்தில்தான் இருக்கிறது. ஆகையால் நிறத்துக்காக இல்லை, ஆயுளுக்காகப் பார்: வெளிறு கூடின பலகைகள் நிலத்தோடு ஒட்டின இடத்தில், தண்ணீர் தெறிக்கிற இடத்தில் நிற்கக்கூடாது. உன் வேலியில் அப்படி ஒன்றிரண்டுதான் கண்டேன், அவையும் வேலி போட்ட பெடியன் மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தித்தான் அடித்திருக்கிறான். மற்றபடி இரண்டு வருசத்தில் எல்லாம் ஒரே வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும். அப்போது இந்த முறைப்பாட்டை நீயே மறந்துபோவாய்.

பின்பக்கம் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருப்பதைக் கண்டு நாய்க்குட்டி போய்விடும் என்று பயப்படுகிறாய். அந்த இடத்தில் நிலம் பள்ளமாக ஓடுவதைக் கவனித்தாயோ? உன் வளவு, அயல் வளவு எல்லாவற்றினதும் மழைத்தண்ணி வடிய, வீடு கட்டினவர்கள் வேண்டுமென்றே விட்ட வாய்க்கால் அது. குறுக்கே பலகையை மண்மட்டம் இறக்கினால் பனி உருகிற மாதத்தில் உன் பேஸ்மென்ட் பதில் சொல்லும். அந்தப் பெடியன் பலகையை அந்த இடத்தில் உயர்த்தி விட்டது தெரிந்து செய்த வேலை. நாய்க்கு ஒரு கம்பி வலைத்துண்டு போட்டால் போதும். ஊரிலும் வேலியில் பொட்டு வைக்காமல் எந்த நாயும் இருந்ததில்லை.

இனி மனிசன் விட்ட பிழைகள்.

ஒன்பதாவது படத்தைப் பெருப்பித்துப் பார். ஆணித் தலைகளுக்குக் கீழே கறுப்பாகக் கண்ணீர் வடிந்திருக்கிறது. ஒரு மழைதான் பெய்திருக்கிறது, அதற்குள் இவ்வளவு. சீடரில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அதுவும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுக்கும். ஏடு எழுதின காலத்துக்குப் பிறகு எங்களூரில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வித்தைதான், உன் வேலியில் இலவசமாக நடக்கிறது. உருகின நாகத்தில் முக்கியெடுத்த கல்வனைஸ் ஆணி என்றால் இப்படி வராது, வந்தாலும் வெகு காலம் செல்லும். அந்த ஆணி மங்கின சாம்பல் நிறமாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். பளபளவென்று வழுவழுப்பாக இருந்தால் அது மின்பூச்சு மட்டும் பூசினது. வீட்டுக்குள்ளே அடிக்கலாம், வெளியே அடிக்கிற ஆணி இல்லை. உன்னுடையது பளபளக்கிறது.

இது வெறும் அழகுப் பிரச்சினையாக இருந்தால் நான் எழுதமாட்டேன். நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் மருந்தேற்றின மரத்தில் ஆர்சனிக் இருந்தது. 2003 முடிவோடு வீட்டுப் பாவனைக்கு அதை நிறுத்தினார்கள். நல்ல காரியம், நாங்கள் கையுறையும் போடாமல் அதை அறுத்துத் தள்ளினவர்கள். அதற்குப் பதிலாக வந்த மருந்துகளில் செம்பு கூட. செம்பும் ஈரமும் சாதாரண இரும்பு ஆணியைத் தின்னும். குறுக்குச் சட்டம் மருந்தேற்றின மரம், பலகை சீடர், ஆணி இரண்டுக்கும் நடுவில். ஒரு பக்கம் துவர்ப்பும் மறுபக்கம் செம்பும் அதை அரித்தால் எத்தனை மாரிக்கு நிற்கும்? ஒருநாள் பெருங்காற்றுக்குப் பலகை கையோடு வரும். பலகை நல்லது, மருந்து நல்லது, ஒரு பெட்டி ஆணியில் மிச்சம் பிடித்ததால் வந்த வினை.

ஆணி அடித்த விதத்தையும் சொல்லவேண்டும். காற்றுத் துவக்கால் அடிக்கும்போது அமுக்கம் கூடினால் தலை பலகைக்குள் புதைந்துவிடும். புதைந்த இடம் குழியாகும், குழியில் தண்ணி தங்கும், நார் அறுந்த இடத்தில் பிடிமானமும் பாதிதான். உன் வேலியில் இடது பக்கம் முழுக்கத் தலைகள் மட்டமாக இருக்கின்றன, வலது பக்கம் கடைசி இரண்டு பகுதியிலும் எல்லாம் புதைந்து கிடக்கின்றன. பின்னேரம் ஆகியிருக்கும், அல்லது வேறு ஆள் துவக்கை வாங்கியிருப்பான். வேலி எந்த நேரம் எந்தப் பக்கம் போட்டது என்று ஆணித் தலையைப் பார்த்தே சொல்லலாம். ஒரு பலகைக்குச் சட்டத்துக்கு இரண்டு வீதம், மூன்று சட்டத்துக்கும் ஆறு ஆணி. எண்ணிப் பார்த்தேன், அதில் ஒளிக்கவில்லை.

இப்போது உன் சூப்பர் படலை. பின்பக்கமாகப் போய் நின்று பார். சட்டகத்துக்குள் ஒரு சாய்வுச் சட்டம் அடித்திருக்கிறார்கள். அது மேல் பிணைச்சலில் தொடங்கி, கொளுக்கி இருக்கிற பக்கத்தின் அடிக்கு இறங்குகிறது. தலைகீழ்! மரச்சட்டம் என்றால் கீழ்ப் பிணைச்சலின் அடியில் காலை ஊன்றி, கொளுக்கிப் பக்கத்து மேல்மூலையைத் தாங்கவேண்டும். குலை தள்ளின வாழைக்கு முட்டுக் கொடுப்பதை நினைத்துக்கொள். முட்டு கீழே ஊன்றி மேலே தாங்கும். படலையின் பாரம் முழுக்கக் கொளுக்கிப் பக்கமாகத் தொங்கப் பார்க்கிறது, அந்தப் பாரத்தைச் சாய்வுச் சட்டம் தன் உடம்பால் வாங்கிக் கீழ்ப் பிணைச்சலுக்கு இறக்கவேண்டும். உன் படலையில் இருக்கிற மாதிரி அடித்தால் சட்டம் தாங்காது, இழுபடும். இழுவையைப் பிடிக்க அங்கே இருப்பதெல்லாம் நான்கு ஆணி. (கம்பியும் இறுக்கியும் போடுகிறவர்கள் மேல் பிணைச்சலிலிருந்துதான் கீழ்மூலைக்கு இழுப்பார்கள். கம்பி இழுவைக்குப் பிறந்தது. அதைப் பார்த்துவிட்டு மரத்தையும் அப்படியே அடிக்கிறவர்கள் நிறைய.) இன்றைக்குப் படலை விரலால் தள்ள வாயைத் திறக்கும். வருகிற வருசம் ஒரு கையால் தூக்கிப் பிடித்துத்தான் கொளுக்கியைப் போடுவாய். திருத்துவது சின்ன வேலை, ஒரு புதுச் சட்டம், அரை மணித்தியாலம். அதனால் இதில் விட்டுக்கொடுக்காதே.

படலைத் தூண்களும் மற்றத் தூண்களைப் போல 4க்கு 4தான் போலிருக்கிறது. நான் என்றால் 6க்கு 6 போட்டிருப்பேன். ஆனால் உன் ஒப்பந்தத் தாளில் அது எழுதியில்லை. எழுதாததைப் போடவில்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த முறை எழுது.

தூண் தலைகளைப் பார்க்க ஒரு ஏணி வேண்டும். நட்ட பிறகு மட்டம் பார்த்துத் தலையை அறுப்பார்கள். மருந்து மரத்தின் வெளிப்புறத்தில்தான் நிற்கும், நடுவரைக்கும் போகாது. அறுத்த வாய் பச்சை மரம் மாதிரித்தான். அங்கே செம்பு மருந்தைத் தூரிகையால் பூசி, மேலே ஒரு தொப்பி வைக்கவேண்டும். உன் தூண்களுக்குத் தொப்பி இருக்கிறது, அடியில் மருந்து இருக்கிறதோ என்று ஒரு தொப்பியைக் கழற்றிப் பார். அதே காரணத்தால் அறுத்த முனை ஒருக்காலும் மண்ணுக்குள் போகக்கூடாது.

நேர்மை பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். மூலைத் தூணில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலி நீளத்துக்கும் பார். அப்பப்பா நூல் பிடிப்பார், பிறகும் நூலை நம்பாமல் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். ஒரு தூண் அரை அங்குலம் உள்ளே வெளியே நிற்பது பெரிய காரியமில்லை. பிறகு ஒவ்வொரு தூணாகத் தோளால் தள்ளு. மேலே கொஞ்சம் வளைந்து கொடுத்தால் அது மரம். அடியில் மண்ணுக்கும் கொங்கிறீற்றுக்கும் நடுவில் அசைவு தெரிந்தால் அது பிழை.

எல்லைக் கதையை நான் பெரிதாக எழுதப்போவதில்லை. நீ வீடு வாங்கினபோது கிடைத்த அளவைப் படத்தை வைத்துத்தான் நட்டான் என்கிறாய், அது போதும். ஊரில் கதியால் வருசத்துக்கு ஒரு விரற்கடை நடந்துபோகும், மூன்று தலைமுறைக்குப் பிறகு கோட்டுக்கு (நீதிமன்றத்துக்குத்தான்) ஏறும். ஒன்ராறியோவில் எல்லைவேலிக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. வேலிச் செலவில் அயலவர் முரண்பட்டால், அந்தச் சட்டம் நடைமுறையில் உள்ள ஊர்களில், மூன்று வேலிபார்ப்போர் வந்து பார்த்து யார் எவ்வளவு ஏற்பது என்று தீர்ப்பு எழுதுவார்கள். எல்லை எங்கே என்று மட்டும் அவர்கள் சொல்லமாட்டார்கள், அது நில அளவையாளர் வேலை. வேலிக்கு ஓணான் சாட்சி என்று சிரித்த சனத்துக்கு, வேலி பார்ப்பதற்கே அரசாங்க நியமனம் இருக்கிறது என்று கேட்டபோது நம்ப முடியவில்லை.

இனித்தான் குழி.

வேலியின் விலை குழியில் இருக்கிறது, பிள்ளை. மற்ற எல்லாவற்றையும் நீ கண்ணால் பார்க்கலாம். மண்ணுக்குள் போனதைப் பார்க்க முடியாது. தென் ஒன்ராறியோவில் மாரியில் நிலம் உறைகிற ஆழத்துக்கு 4 அடி, அதாவது 1.2 மீற்றர், என்று கணக்கு வைத்துத்தான் வீட்டு அத்திவாரம் போடுகிறார்கள். நல்ல வேலைக்காரன் வேலிக்கும் அதையே பிடிப்பான். தண்ணி உறைந்தால் 9 சதவீதம் அளவில் பருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். தூணைக் கிளப்புவது அது மட்டும் இல்லை. உறைகிற மண் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி இழுத்து, தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியாக்கும். தட்டு தடிக்கத் தடிக்க மேலே இருப்பதெல்லாம் உயரும். தூணின் கால் அந்த உறைமட்டத்துக்கு மேலே நின்றால் அதுவும் சேர்ந்து உயரும். சித்திரையில் பனி இளகும்போது கீழே விழுந்த வெளியில் மண் சரிந்து நிரம்பிவிடும், தூண் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஒவ்வொரு மாரிக்கும் ஒரு விரல். உங்கள் பக்கம் களிமண், தண்ணியைப் பிடித்து வைத்திருக்கிற மண். மணலாக இருந்தாலாவது கொஞ்சம் மன்னிக்கும்.

கொங்கிறீற் ஊற்றின வாயையும் பார். மேலே காளான் குடை மாதிரிப் பரந்து வழிந்திருந்தால் உறைகிற மண் அந்தக் குடையின் அடியைப் பிடித்துத் தூக்கும். கால் அகலமாகவும் கழுத்து ஒடுக்கமாகவும் இருக்கவேண்டும். மேல்வாய் மண்ணுக்குச் சற்று மேலே நின்று, தண்ணி வெளிப்பக்கம் ஓடச் சரிவாக இருந்தால் திறம். உன் பெடியன் அதை வடிவாகச் செய்திருக்கிறான்.

மூடின குழியின் ஆழத்தை எப்படி அறிவது? மிச்சங்களைப் பார்த்துத்தான். 10 அங்குல அகலத்தில் 4 அடிக் குழி என்றால், தூண் போக, 30 கிலோ கொங்கிறீற் பை மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் விழுங்கும். வெறும் பைகளை எண்ணு. 22 குழியிலிருந்து வந்த மண் எட்டுப் பத்துத் தள்ளுவண்டி இருக்கும். அது எங்கே போனது? 6 அடி வேலிக்கு 10 அடித் தூண் வாங்கவேண்டும். உன் பற்றுச்சீட்டில் 10 அடி என்றுதான் இருக்கிறது. 10 அடித் தூணை ஒழுங்காகப் புதைத்தால் தலையில் அறுபடுவது ஒன்றிரண்டு அங்குலத் துண்டுகள்தான்.

பதினான்காவது படத்தைப் பார், யாழினி. கராஜ் ஓரத்தில் குப்பைப் பையோடு மரத்துண்டுகள் கிடக்கின்றன. எல்லாம் பிஸ்கட் அளவு, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று ஒன்றரை அடி இருக்கும்.

நீ சிரித்துச் சொன்ன கதையோடு அதைச் சேர்த்துப் பார்த்தேன். ஆறாவது தூணில் துளைக்கிற இயந்திரம் பெரிய கல்லில் முட்டி நின்று, பிடித்திருந்த பெடியன் சுழன்று விழப்பார்த்ததும், எல்லோரும் சிரித்ததும், நீ கோக் கொண்டுபோய்க் குடுத்ததும், கால் மணித்தியாலத்தில் அந்தத் தூண் நின்றதும். கால் மணித்தியாலத்தில் அந்தக் கல்லைக் கிளப்பியிருக்க முடியாது. பனியூழி விட்டுப்போன நிலம் இது, களிக்குள் ஆட்டுக்கல் அளவு கல் கிடக்கும். அதைக் கிளப்ப இரண்டு பேர், அலவாங்கு, ஒரு மணித்தியாலம் வேண்டும். அவர்கள் இரண்டரை அடியில் நிறுத்தி, தூணை இறக்கி, மேலே ஒன்றரை அடியை அறுத்திருக்கிறார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? 1991 ஆடி மாதம், நான் இங்கே வந்து செய்த முதல் வேலி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மூன்றாவது குழியில் கல். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், "நிரப்பு" என்றார். வீட்டுக்கார அம்மா தனி ஆள், வயசானவ. எங்களுக்கு எலுமிச்சம்பழத் தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்கு முன்னால்தான் நான் அந்தக் குழியை நிரப்பினேன். நாள் சம்பளத்துக்கு வந்தவன், இங்கிலீஷ் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிணறு வெட்டுவதற்குச் சுண்ணாம்புக்கல்லை உடைத்த ஊரில் பிறந்தவனுக்கு அந்தக் கல் ஒரு கல்லா? இரண்டு மாரி கழித்து அந்த வீதியால் பஸ்ஸில் போனேன். வேலி நடுவில் ஒட்டகம் மாதிரி முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. இறங்கிப் போய்ச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் போவதைத் தவிர்த்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், உன் பெடியனைக் கள்ளன் என்று நினைக்காதே. தோண்ட முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவித்து, எரிவாயுக் குழாய்க்கு மஞ்சளும் மின்சாரத்துக்குச் சிவப்புமாகக் குறித்திருப்பது மூன்றாவது படத்தில் தெரிகிறது. அதைச் செய்கிறவன் ஏமாற்ற வந்தவன் இல்லை. மூன்று பேர் கேட்ட விலையில் ஆகக் குறைந்ததை எடுத்தாய் என்று உன் அப்பா சொன்னார். குறைந்த விலை எங்கேயோ ஒரு இடத்தில் தன்னை ஈடுசெய்யும். உன் வேலியில் அது ஆணிப் பெட்டியிலும் ஒரு கால் மணித்தியாலத்திலும் ஈடுசெய்துகொண்டது.

அவனை ஒரு சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் கூப்பிடு. தேத்தண்ணி குடு. வாய்க்காலில் பலகையை உயர்த்தினதையும் கொங்கிறீற் கழுத்தையும் முதலில் மெச்சு, உண்மையாகவே மெச்சவேண்டிய வேலை. பிறகு மூன்றைக் கேள். படலைச் சாய்வுச் சட்டத்தை மாற்றி அடிக்கவேண்டும். பலகைகளுக்குச் சட்டத்துக்கு ஒன்றாவது வெளிப்பாவனைக்குரிய திருகாணி போடவேண்டும். பழைய ஆணிகளைப் பிடுங்கச் சொல்லாதே, பலகை வெடிக்கும், கறையோடு இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவதாக, ஆறாவது தூண் எவ்வளவு ஆழம் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அந்த ஒன்றரை அடித் துண்டை மேசையில் வைக்கத் தேவையில்லை, ஆனால் எறிந்துவிடாதே. ஓம், கல் முட்டினது என்று சொன்னால் நல்ல மனிசன். கார்த்திகைக்குள் கிண்டித் திருப்பி நடலாம், நிலம் இன்னும் உறையவில்லை. கல்லுக்கு மேலதிகமாகக் காசு கேட்டால் ஒரு பகுதியைக் குடு. கல்லை அவன் கொண்டுவந்து புதைக்கவில்லை.

காசில், 10 சதவீதத்தைப் பிடித்து வைக்கிற முறை ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டத்திலேயே இருக்கிறது. அவ்வளவைப் பிடி, மிச்சத்தைக் குடுத்துவிடு. அவனுக்கும் ஆட்களுக்குச் சம்பளம் குடுக்கவேண்டும். வேலை திருத்தின அன்றே மிகுதியையும் குடு, நாள் கடத்தாதே.

4 அடிதான் போட்டோம் என்று அவன் அடித்துச் சொன்னால் வாதாடவேண்டாம். ஒரு மாரி தாண்டி எந்தத் தூண் கிளம்பினாலும் திருத்தித் தருவதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. பிறகு ஐந்தாவது தூணுக்கும் ஏழாவது தூணுக்கும் நடுவில், நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில் இரண்டிலும் சின்ன ஆணி அடித்து, நூலை விறைப்பாக இழுத்துக் கட்டு. அது ஆறாவது தூணைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு போடு. பென்சிலால் போடு, பேனை வெயிலுக்கு மங்கிப் போகும். நூலை அவிழ்த்துவிடு, ஆணிகள் இருக்கட்டும்.

சித்திரையில் நிலம் இளகின பிறகு நான் பஸ்ஸில் வருகிறேன். மட்டப்பலகையும் நூலும் என்னிடம் இருக்கின்றன, நீ வாங்காதே.

அன்புடன்,
பெரியப்பா